கடல் தாண்டி வரும் நோயாளி: மருத்துவச் சுற்றுலாவில் புத்தாக்கம் பிறந்த கதை

மலாக்கா நீரிணையின் அக்கரையில், வட சுமத்ராவில் இருக்கிறது மேடான் நகரம். இக்கரையில் பினாங்கு. விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அந்த விமானத்தில் வந்திறங்குவோரில் ஒரு பகுதியினர் கடற்கரையைப் பார்க்க வருவதில்லை. கொம்தார் கட்டடத்தைப் பார்க்கவும் வருவதில்லை. அவர்கள் கையில் எக்ஸ்ரே படங்கள் அடங்கிய பெரிய உறை இருக்கும். பக்கத்தில் மகனோ மகளோ துணைக்கு வருவார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் நேரே செல்வது மருத்துவமனைக்கு.

இப்படி வருவோரைத்தான் மருத்துவச் சுற்றுப்பயணிகள் என்கிறோம். 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவுக்குச் சுமார் 12 லட்சத்து 20 ஆயிரம் பேர் இவ்வாறு வந்தனர். மருத்துவமனைகளுக்குக் கிடைத்த வருமானம் 1.7 பில்லியன் வெள்ளி. வந்தவர்களில் பெரும்பான்மையினர் இந்தோனேசியர்கள்.

இதற்கு என்ன காரணம்? 'இங்கே செலவு குறைவு' என்று பலர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். மலிவு என்பதற்காக மட்டும் யாரும் தம் நெஞ்சைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள அறியாத ஊருக்குப் போவதில்லை. நோயாளி முதலில் தேடுவது நம்பிக்கையை. அந்த நம்பிக்கையை வளர்க்க என்னென்ன புதுமுறைகள் கையாளப்பட்டன, அவை எந்த நெருக்கடியில் பிறந்தன, அவற்றின் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே இந்தத் துறையின் வரலாறு.

பழைய கடல்வழி

மேடானுக்கும் பினாங்குக்கும் உள்ள உறவு விமானம் வந்த பிறகு ஏற்பட்டதன்று. 1860களில் சுமத்ராவின் டெலி வட்டாரத்தில் புகையிலைத் தோட்டங்கள் தோன்றின. அவற்றுக்கு வேண்டிய ஆட்களும் சரக்கும் முதலும் பினாங்கின் வழியாகச் சென்றன. அந்தக் கூட்டத்தில் தமிழர்களும் இருந்தனர். மேடானில் 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் ஆலயமும், இன்று கம்போங் மெட்ராஸ் என்று அழைக்கப்படும் குடியிருப்பும் அதற்குச் சாட்சி. இரு கரைகளிலும் குடியேறிய சீனர்கள் பேசும் ஹொக்கியன் மொழியும் ஏறத்தாழ ஒன்றுதான். மலாய் மொழியும் இந்தோனேசிய மொழியும் உடன்பிறப்புகள். ஆக, நோயாளியும் மருத்துவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வழி முன்பே இருந்தது.

பினாங்கில் மருத்துவமனைகளும் வெறும் வணிகமாகத் தொடங்கவில்லை. 1883இல் ஏழைகளுக்கு இலவசமாகச் சீன மருந்து வழங்கத் தொடங்கப்பட்டதுதான் இன்றைய லாம் வா ஈ மருத்துவமனை. 1924இல் கிறிஸ்துவ சமயப் பணியாளர்கள் சிறு மருந்தகமாகத் திறந்தது இன்று பினாங்கு அட்வெண்டிஸ்ட் மருத்துவமனையாக வளர்ந்துள்ளது. தரும சிந்தனையில் முளைத்த இத்தகைய நிலையங்கள் அந்தத் தீவுக்கு நற்பெயரைத் தேடித் தந்தன. பின்னாளில் கோடிக்கணக்கில் விளம்பரம் செய்தாலும் கிடைக்காத முதலீடு அது.

காலியான கட்டில்கள்

நாடு சுதந்திரம் பெற்றபின் மருத்துவம் பெரும்பாலும் அரசாங்கத்தின் பொறுப்பாகவே இருந்தது. 1980களில் நிலைமை மாறத் தொடங்கியது. 1981இல் ஜொகூர் மாநில அரசாங்கத்தைச் சார்ந்த நிறுவனமே ஜொகூர் பாருவில் ஒரு தனியார் சிறப்பு மருத்துவமனையைத் திறந்தது. கே.பி.ஜே. குழுமத்தின் தொடக்கம் அதுதான். 1983இல் தனியார்மயக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1985இல் சுபாங் ஜெயா மருத்துவ நிலையம் வந்தது. 1992இல் தேசிய இருதயக் கழகம் நிறுவப்பட்டது. நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தினரிடம் வருமானம் பெருகியது. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்துக் கொடுத்தன. புதிய கட்டடங்கள் உயர்ந்தன.

அப்போது விழுந்தது இடி. 1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயமான பாட்டின் மதிப்பை மிதக்கவிட்டது. அதன் பாதிப்பு மலேசியாவையும் இந்தோனேசியாவையும் தாக்கியது. ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் இரண்டரை வெள்ளி என்றிருந்த நிலை, 1998 ஜனவரியில் நான்கரை வெள்ளிக்கும் மேல் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று நிலைநிறுத்தியது.

மருத்துவமனைகளுக்கு இரண்டு பக்கமும் அடி. மருந்தும் கருவிகளும் வெளிநாட்டிலிருந்து வருபவை. அவற்றின் விலை ஏறியது. உள்ளூர் நோயாளிகளோ வருமானம் குறைந்ததால் தனியார் மருத்துவமனைகளை விட்டு அரசாங்க மருத்துவமனைகளுக்குத் திரும்பினர். ஒரு பக்கம் பொது மருத்துவமனையில் நெரிசல்; மறுபக்கம் தனியார் மருத்துவமனையில் காலிக் கட்டில்கள்.

இந்தச் சூழலில்தான் வெளிநாட்டு நோயாளிகளைப் பற்றிய சிந்தனை அரசாங்கக் கொள்கையாக மாறியது. 1998 ஜனவரியில் சுகாதார அமைச்சு, மருத்துவச் சுற்றுலாவை மேம்படுத்த ஒரு தேசியக் குழுவை அமைத்தது. நாணய மதிப்பு இறங்கியதால் வெளிநாட்டவருக்கு இங்கே சிகிச்சை மலிவானது. இந்தோனேசியாவில் ரூப்பியா அதைவிடக் கடுமையாகச் சரிந்திருந்தது. முன்பு சிங்கப்பூருக்குச் சிகிச்சைக்குச் சென்ற இந்தோனேசியர்கள் பலருக்கு அந்நாட்டு டாலர் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அவர்கள் கண்ணில் பட்டது பினாங்கும் மலாக்காவும்.

பாங்காக்கும் சென்னையும் கற்றுத் தந்தவை

இதே நெருக்கடியில் இன்னொரு பாடமும் எழுதப்பட்டது. பாங்காக்கில் 1980இல் திறக்கப்பட்ட பம்ருங்ராட் மருத்துவமனை, 1997இல் மிகப் பெரிய புதிய கட்டடத்துக்கு மாறியது. நாணயம் சரிந்த ஆண்டும் அதுதான். உள்ளூர் நோயாளிகளை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது என்ற நிலையில் நிர்வாகம் வெளிநாட்டவர் பக்கம் திரும்பியது.

அது செய்தது வெறும் விளம்பரமன்று. நோயாளி எதற்கெல்லாம் அஞ்சுகிறார் என்பதை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்பதை முன்கூட்டியே தொகுப்பு விலையாக அறிவித்தது. பல மொழிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தியது. 2002இல் ஜே.சி.ஐ. எனப்படும் அமெரிக்க அனைத்துலகத் தரச்சான்றிதழை ஆசியாவிலேயே முதலாவதாகப் பெற்றது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கா செல்வது கடினமானபோது, மத்திய கிழக்கு நோயாளிகள் பலர் பாங்காக்கை நாடினர். கதவு திறந்தபோது அந்த மருத்துவமனை ஆயத்தமாக இருந்தது.

சென்னையின் கதை வேறு வகை. 1979இல் டாக்டர் பிரதாப் ரெட்டியிடம் வந்த ஓர் இருதய நோயாளி, அமெரிக்கா சென்று அறுவைச் சிகிச்சை செய்யப் பணம் திரட்ட முடியாமல் இறந்தார். அந்தத் துயரமே 1983இல் சென்னையில் அப்பல்லோ மருத்துவமனை உருவாகக் காரணமாயிற்று. வெளியே போய்த்தான் பிழைக்க வேண்டும் என்றிருந்த நிலையை மாற்றத் தொடங்கப்பட்ட இடத்துக்கே, பிற்காலத்தில் வெளிநாட்டு நோயாளிகள் வரத் தொடங்கினர். மலேசியாவிலிருந்து சென்னைக்குச் சென்று சிகிச்சை பெற்றுத் திரும்பும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மொழி தெரிந்த இடம், உறவினர் வாழும் ஊர் என்ற தெம்பு அவர்களை அழைத்துச் செல்கிறது. மேடான்காரரைப் பினாங்குக்கு அழைத்து வரும் அதே தெம்புதான்.

சிங்கப்பூர் 2003இல் 'சிங்கப்பூர் மெடிசின்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2012க்குள் ஆண்டுக்குப் பத்து லட்சம் வெளிநாட்டு நோயாளிகள் என்பது வகுக்கப்பட்ட இலக்கு. மிக நுட்பமான சிகிச்சைக்கு அந்நாடு பெயர் பெற்றது. ஆனால் நாணய மதிப்பு உயர உயர, செலவைப் பார்க்கும் நோயாளிகள் அண்டை நாடுகளுக்குத் திரும்பினர். 2018இல் சிங்கப்பூர் சுகாதார அமைச்சு ஒரு முக்கிய முடிவெடுத்தது. வெளிநாட்டு நோயாளிகளை அழைத்து வரும் முகவர்களோடு பொது மருத்துவமனைகள் செய்துகொண்ட ஒப்பந்தங்களை நிறுத்தும்படி அது உத்தரவிட்டது. தரகுக்கு ஆள் பிடிப்பது பொது மருத்துவமனையின் வேலையன்று. சொந்த நாட்டு மக்களுக்குச் சேவை செய்வதே அதன் முதல் கடமை என்ற எண்ணம் அதில் தெளிவாகத் தெரிந்தது.

நான்கு அச்சங்கள், நான்கு மாற்றங்கள்

இந்தப் பாடங்களை மலேசியா எவ்வாறு பயன்படுத்தியது? வெளிநாட்டு நோயாளிக்கு நான்கு அச்சங்கள் உண்டு.

முதலாவது, 'இந்த மருத்துவமனை தரமானதா?' என்ற அச்சம். மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிட 1997இல் மலேசியச் சுகாதாரத் தரச் சங்கம் அமைக்கப்பட்டது. பின்னர் சில மருத்துவமனைகள் ஜே.சி.ஐ. சான்றிதழையும் பெற்றன. 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் நிறைவேற்றப்பட்டு, 2006இல் நடப்புக்கு வந்தது. சட்டம் இயற்றியதற்கும் அமலாக்கியதற்கும் இடையே எட்டு ஆண்டுகள் கழிந்தன.

இரண்டாவது, 'எவ்வளவு பணம் ஆகும்?' என்ற அச்சம். 2006ஆம் ஆண்டு விதிமுறைகள் தனியார் மருத்துவமனையில் மருத்துவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தன. மருத்துவமனைகளும் உடல் பரிசோதனை, பிரசவம், கண்புரை அறுவை போன்றவற்றுக்குத் தொகுப்பு விலை அறிவிக்கத் தொடங்கின. அறை, மருந்து, கருவி ஆகியவற்றுக்கான மருத்துவமனைக் கட்டணங்கள் மட்டும் அந்த உச்சவரம்புக்குள் வரவில்லை. இந்த ஓட்டையின் விளைவு பிறகு தெரிந்தது.

மூன்றாவது, 'அங்கே போய் யாரைப் பார்ப்பது?' என்ற அச்சம். மருத்துவமனைகள் மேடான், ஜகார்த்தா, சுராபாயா போன்ற நகரங்களில் தங்கள் பேராளர் அலுவலகங்களைத் திறந்தன. நோயாளி தன் ஊரிலேயே மருத்துவ அறிக்கையைக் கொடுத்து, மருத்துவரைச் சந்திக்கும் நாளை உறுதிசெய்துகொண்டு, பிறகு பயணச்சீட்டு வாங்க முடிந்தது. 2009இல் மலேசியச் சுகாதாரப் பயண மன்றம் உருவாயிற்று. வெளிநாட்டில் நாட்டின் பெயரால் ஒரே குரலில் பேச ஓர் அமைப்பு கிடைத்தது. விமான நிலையத்தில் நோயாளிகளை வரவேற்கத் தனி ஓய்வறையும் உதவி முகப்பும் அமைக்கப்பட்டன. சக்கர நாற்காலியில் வரும் தாயாரை வைத்துக்கொண்டு திக்குத் தெரியாமல் நிற்கும் மகனுக்கு, தன் மொழியில் பேசும் ஒருவர் எதிரே வந்து நிற்பது சிறிய உதவியா?

நான்காவது, 'வீடு திரும்பிய பிறகு ஏதாவது நேர்ந்தால்?' என்ற அச்சம். நான்கிலும் கடினமானது இதுதான். அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு வாரத்தில் ஊர் திரும்பியவருக்குப் பத்தாம் நாள் காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு? பேராளர் அலுவலகத்தின் வழி தொடர்பு, தொலைபேசி ஆலோசனை, காணொளி வழி மருத்துவரைச் சந்தித்தல் என்று சில வழிகள் வந்தன. ஆனாலும் இந்த அச்சத்தை முழுவதும் போக்கிய நாடு எதுவும் இல்லை. புத்தாக்கத்துக்கு இன்னும் இடம் உள்ள பகுதி இதுவே.

பெருந்தொற்று வைத்த பரீட்சை

2020ஆம் ஆண்டை மலேசியச் சுகாதாரப் பயண ஆண்டாகக் கொண்டாடத் திட்டமிடப்பட்டிருந்தது. விதி வேறு மாதிரி எழுதியது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது, எல்லைகள் மூடப்பட்டன. புற்றுநோய்க்கும் இருதய நோய்க்கும் பாதிச் சிகிச்சையில் இருந்த இந்தோனேசிய நோயாளிகள் அக்கரையில் சிக்கிக்கொண்டனர். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே கடுமையான நிபந்தனைகளோடு வெளிநாட்டு நோயாளிகளுக்கு அனுமதி வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான்.

திறந்ததும் நோயாளிகள் திரும்பி வந்தார்கள். 2024இல் வருமானம் 2.7 பில்லியன் வெள்ளியைத் தாண்டியது. நம்பிக்கை ஒருமுறை வேரூன்றினால் புயல் அடித்தாலும் நிற்கும் என்பதற்கு இது சான்று. எனினும் அக்கரையும் கைகட்டி நிற்கவில்லை. தன் மக்கள் வெளிநாட்டில் செலவிடும் பணத்தை உள்நாட்டில் தக்கவைக்க விரும்பிய இந்தோனேசியா, பாலியில் சானூர் சுகாதாரச் சிறப்புப் பொருளாதார வட்டாரத்தை உருவாக்கியது. அங்கே பாலி அனைத்துலக மருத்துவமனை 2025 ஜூனில் திறந்துவைக்கப்பட்டது. விலையை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை மணி.

ஒரு வெள்ளி வரிசை

இதுவரை சொன்னது வளர்ச்சியின் கதை. அதே கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது.

அரசாங்க மருத்துவமனையின் வெளிநோயாளி பிரிவில் குடிமக்கள் பல ஆண்டுகளாகச் செலுத்திவரும் கட்டணம் ஒரு வெள்ளி. சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஐந்து வெள்ளி. உலகில் பல நாடுகள் பொறாமைப்படும் ஏற்பாடு இது. தோட்டத்து மருத்துவமனையில் டிரெசர் கொடுத்த மருந்தை நம்பி வாழ்ந்த தலைமுறைக்கும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் பட்டணத்துக்கு வந்த அதன் பிள்ளைகளுக்கும் இதுவே உயிர்நாடி. ஆனால் அந்த வரிசை நீளமானது. காலை ஐந்து மணிக்கே புறப்பட்டு வந்து எண் வாங்கிக் காத்திருக்கும் முதியவரை எந்தப் பொது மருத்துவமனையிலும் காணலாம்.

வரிசை நீளக் காரணம் பல. அவற்றுள் ஒன்று, அனுபவம் பெற்ற சிறப்பு மருத்துவர்களும் தாதியரும் தனியார் துறைக்குச் செல்வது. அரசாங்கப் பணத்தில் பயிற்சி பெற்றவர், தன் திறமை முதிரும் வயதில் வெளியேறுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊதியத்திலும் வேலைச்சுமையிலும் உள்ள வேறுபாடு அத்தகையது. 2016 டிசம்பரில் தொடங்கிய ஒப்பந்த மருத்துவர் முறையினால் இளம் மருத்துவர்களிடையே மனக்குறை பெருகியது. 2021 ஜூலை 26இல் அவர்கள் நாடு தழுவிய வேலை மறியல் செய்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டு நோயாளிகளால் விரிவடையும்போது, அவற்றுக்குத் தேவைப்படும் மருத்துவர்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை.

நடுத்தர வர்க்கத்தின் கவலை வேறு. மருத்துவக் காப்புறுதிச் சந்தா விறுவிறுவென்று ஏறியதால், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரவலாக்கும்படி செய்ய வேண்டியிருந்தது. சந்தா உயர்வுக்கு வெளிநாட்டு நோயாளிகளே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் மருத்துவமனைக் கட்டணங்களுக்கு வரம்பில்லாத அந்தப் பழைய ஓட்டை, இரு தரப்பு நோயாளிகளையும் சுடுகிறது. வெளிநாட்டவரை ஈர்க்கத் தொகுப்பு விலையை முன்கூட்டியே சொல்ல முடிந்த மருத்துவமனையால், அடுத்த தெருவில் குடியிருப்பவருக்கும் அதைச் சொல்ல முடியாதா?

ஒரு நல்ல முன்னுதாரணம்

இரண்டு தரப்புக்கும் நன்மை தரும் வழி இல்லாமல் இல்லை. கல்லீரலைத் தாக்கும் 'ஹெப்படைட்டிஸ் சி' நோய்க்கு சொஃபோஸ்புவிர் என்ற மருந்து வந்தபோது, அமெரிக்காவில் ஒரு முழுச் சிகிச்சைக்கு அதன் விலை 84,000 டாலர். சாதாரண மனிதர் கனவிலும் நினைக்க முடியாத தொகை. 2017 செப்டம்பரில் மலேசிய அரசாங்கம் 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் தந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, அம்மருந்தின் மலிவான வடிவத்தை அரசாங்க மருத்துவமனைகளுக்குக் கொண்டுவர முடிவு செய்தது. ஒரு நோயாளிக்குச் சுமார் 300 டாலர் செலவில் சிகிச்சை அளிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. 2018இல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது.

இதையடுத்து, இந்நோய்க்கு மலிவான சிகிச்சை கிடைக்கும் நாடு என்று மலேசியாவைச் சுகாதாரப் பயண மன்றம் வெளிநாடுகளிலும் அறிமுகப்படுத்தியது. வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் உள்ளூர் ஏழை நோயாளி. பிறகு வெளிநாட்டு விருந்தினர். வீட்டில் சமைத்த உணவு பிள்ளைகளின் வயிற்றை நிறைத்தபின் விருந்தாளிக்கும் பரிமாறப்பட்டது. மருத்துவத்தில் புத்தாக்கம் என்றால் இதுவே புத்தாக்கம். பளபளக்கும் ஓய்வறையும் கணினித் திரையும் அதற்குத் துணை செய்யலாம், அதற்கு ஈடாகா.

பினாங்கின் பழைய மருத்துவமனைகள் கற்றுத்தரும் பாடமும் அதுதான். 1883இல் ஏழைக்கு இலவச மருந்து கொடுத்தபோது யாரும் அந்நியச் செலாவணியைக் கணக்கிடவில்லை. அந்த நல்லெண்ணம்தான் நூறாண்டு கடந்தும் அக்கரையிலிருந்து ஆட்களை அழைத்து வருகிறது. சொந்த ஊர்க்காரர் நம்பாத மருத்துவமனையை வெளியூர்க்காரர் நெடுநாள் நம்பமாட்டார்.

எனவே, இந்தத் துறையின் வெற்றியை அளக்க ஓர் எளிய வழி உண்டு. விமான நிலையத்தில் வந்திறங்கும் நோயாளிகளின் எண்ணிக்கையை எண்ணும்போதே, பொது மருத்துவமனையின் ஒரு வெள்ளி வரிசையில் நிற்கும் முதியவர் எத்தனை மணி நேரம் காத்திருந்தார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். கிடைத்த வருமானத்தில் ஒரு பங்கு அந்த வரிசையைக் குறைக்கப் பயன்பட்டால், மேடானிலிருந்து வரும் தாயாரும் சுங்கை பட்டாணியிலிருந்து வரும் பாட்டியும் ஒரே நம்பிக்கையோடு மருத்துவரின் முன் அமர முடியும்.